ஸ்பியன் கோப் மலை மேசைக்கு வந்துவிட்டது, ஸ்ட்ரெச்சர் தூக்கியவர்கள் எங்கே?

வெருலம்வாசி:

வணக்கம். இரண்டு வருடமாக இங்கே சும்மா படித்துக்கொண்டிருந்தவன், இன்றுதான் வாய் திறக்கிறேன்.

என் மச்சான் வீடு மாறும்போது அலமாரியைக் காலி செய்து இரண்டு பெட்டி பிளாஸ்டிக் சிப்பாய்களை என் தலையில் கட்டினார். 1/72 அளவு, அதாவது நிஜ ஆளில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு. ஒன்றில் பிரிட்டிஷ் காலாட்படை, இன்னொன்றில் அவர்களோடு சண்டை போட்ட போயர்கள், அதாவது தென்னாப்பிரிக்காவின் டச்சு வழி வெள்ளைக்காரர்கள். என் பையனுக்கு என்று சொல்லித்தான் கொடுத்தார். பையன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான்தான் ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பெயிண்ட் அடித்துக்கொண்டிருக்கிறேன்.

சும்மா அடுக்கி வைப்பதற்குப் பதில் ஒரு சண்டையை முழுதாகக் கட்டலாமே என்று தோன்றியது. ஸ்பியன் கோப்பை எடுத்துக்கொண்டேன். டர்பனிலிருந்து பெர்க்வில் பக்கம் போனவர்கள் அந்த அணையையும் அதற்கு மேலே நிற்கும் மலையையும் பார்த்திருப்பீர்கள். 1900 ஜனவரி 23 இரவு, பனிமூட்டத்தில் பிரிட்டிஷார் ஏறினார்கள். விடிந்து பனி விலகியதும்தான் தாங்கள் குழி வெட்டியது சரியான விளிம்பில் இல்லை என்று தெரிந்தது. சுற்றியிருந்த மேடுகளில் போயர்கள். நாள் முழுக்க அடி. அன்று இரவு பிரிட்டிஷார் இறங்கினார்கள், போயர்களிலும் பலர் தோற்றுவிட்டோம் என்று நினைத்து இறங்கிவிட்டார்கள். காலையில் வந்து பார்த்தால் மலை காலி! விளையாடுவதற்கு இதைவிட நல்ல சண்டை எனக்குத் தெரியாது.

சிக்கல் என்னவென்றால், அந்த மலையில் நம் ஆட்களும் இருந்தார்கள். காந்தி திரட்டிய இந்திய ஆம்புலன்ஸ் படை, 1,100 பேர். அதில் 300 பேர் போலத்தான் ஒப்பந்தம் இல்லாதவர்கள், மற்ற அத்தனை பேரும் ஒப்பந்தக் கூலிகள், தோட்ட வேலைக்கென்று இந்தியாவிலிருந்து ஒப்பந்தத்தில் கொண்டுவரப்பட்டவர்கள். நான் தேடிய இடங்களில் போயர்களுக்குக் குதிரைகூடத் தனிப் பெட்டியில் கிடைக்கிறது. ஸ்ட்ரெச்சர் தூக்கிய இந்தியருக்கு ஒரு பொம்மை கிடைக்கவில்லை.

உன் கொள்ளுத்தாத்தா தூக்கினாரா என்று கேட்காதீர்கள். எங்கள் வீட்டில் அப்படி ஒரு கதையும் இல்லை. பாட்டிக்குத் தெரிந்த ஒரே போர் பக்கத்து வீட்டு வேலியைப் பற்றியது. இருந்தாலும் அவர்களை விட்டுவிட்டு அந்த மலையைக் கட்ட மனம் வரவில்லை. ஆறு ஸ்ட்ரெச்சர், ஒன்றுக்கு நான்கு பேர், ஆக 24 பொம்மை வேண்டும். எப்படிச் செய்வது? அப்புறம் இன்னொன்று: பெயிண்ட் காய்ந்த பிறகு துப்பாக்கி முனையிலிருந்து தோல் உரிகிற மாதிரி உரிகிறதே, ஏன்?

ராண்ட்பர்க் ராஜா:

வாங்க வெருலம். கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். தப்பு பெயிண்டில் இல்லை, பிளாஸ்டிக்கில். பெட்டியில் வரும் 1/72 ஆட்கள் பெரும்பாலும் வளைகிற பாலிஎத்திலீன். அதன்மேல் எதுவும் சுலபத்தில் ஒட்டாது, பெயிண்டும் ஒட்டாது, பசையும் ஒட்டாது. துப்பாக்கி வளையும்போது பெயிண்ட் வளையாது, அதனால் உரிகிறது.

அடித்ததையெல்லாம் சுரண்டிவிட்டு, பாத்திரம் கழுவும் சோப்பு போட்டு பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். அச்சிலிருந்து கழற்றுவதற்காகத் தடவிய வழுவழுப்பு போகும். நன்றாகக் காய்ந்ததும் வெள்ளை மரப்பசையில் தண்ணீர் கலந்து மெல்லிசாக ஒரு பூச்சு. அது காய்ந்தால் ரப்பர் மாதிரி கொஞ்சம் வளையும், அதன்மேல் அக்ரிலிக் நிற்கும். எல்லாம் முடிந்தபின் மேலே இன்னொரு பூச்சு. கோணிக்கொண்ட துப்பாக்கியை வெந்நீரில் அரை நிமிடம் வைத்து நேராக்கி, பிடித்த கையோடு குளிர்ந்த தண்ணீரில் போடுங்கள். நேராகவே நிற்கும்.

24 பேருக்கு ஏன் கவலை? கணினியில் உருவம் செய்து ரெசினில் அச்சடித்துத் தருகிறேன். என் பிரிண்டர் சும்மாதான் கிடக்கிறது. ஒரே சங்கடம், இந்த அளவில் ரெசின் விரல்கள் கீழே விழுந்தால் உடைந்துவிடும்.

மேசைமலை:

கேப் டவுனிலிருந்து ஒரு குரல். லிவர்பூல் கால்பந்து அணியின் ரசிகனாக இருந்தும் கோப் என்றால் இந்த மலை என்று பத்து வருடம் முன்புதான் தெரிந்தது. அந்த அணியின் ஆன்ஃபீல்டு மைதானத்தில் ரசிகர்கள் நிற்கும் மேட்டுக்கு 1906இல் இந்தப் பெயரை வைத்தார்கள். தோற்ற மலையின் பெயரை வைத்துக்கொண்டு பாட்டுப் பாடுகிறார்கள் பாருங்கள்.

வேறு உருப்படியான யோசனை என்னிடம் இல்லை. படம் போடுங்கள்.

பழைய ஈயம்:

தம்பி, நல்ல வேலையை எடுத்திருக்கிறீர்கள். நான் மாரிட்ஸ்பர்க்கில் 1970களில் ஈயப் பொம்மையில் தொடங்கியவன். அந்தக் காலத்தில் பிரஷ் நுனியை நாக்கில் வைத்துக் கூராக்குவோம். நீங்கள் யாரும் அதைச் செய்யாதீர்கள், நான் இன்னும் உயிரோடு இருப்பது கணக்கில் வராது.

ராஜாவின் பிரிண்டர் நல்ல பிரிண்டராகவே இருக்கட்டும். ஆனால் உங்கள் கையில் இரண்டு பெட்டி ஆட்கள் இருக்கிறார்களே? போயர் பெட்டியைப் பாருங்கள். அவர்கள் சீருடைப் படை இல்லை, சாதாரணக் கோட்டும் கால்சட்டையும்தான். அதில் துப்பாக்கியைத் தாழப் பிடித்துக்கொண்டு நடக்கிற ஆட்கள் சிலர் இருப்பார்கள். துப்பாக்கியை வெட்டி எடுத்துவிட்டால் கை ஸ்ட்ரெச்சர் கம்பைப் பிடிக்கிற நிலையிலேயே இருக்கும். உள்ளங்கையில் கைத்துளைப்பானால் 0.6 மில்லிமீட்டர் ஓட்டை போடுங்கள், கம்பி அதற்குள் நுழைந்து நிற்கும். இந்தப் பிளாஸ்டிக்கில் சூப்பர் குளூவை மட்டும் நம்பினால் இரண்டாவது ஆட்டத்திலேயே நோயாளி கீழே விழுவார்.

உடை பற்றி. ஆம்புலன்ஸ் படையின் குழுப் படம் ஒன்று உண்டு, அதில் அகலத் தொப்பியும் கையில் செஞ்சிலுவையும் இருக்கும். படத்தில் இருப்பவர்கள் தலைவர்கள், அந்தப் படையில் தலைவர்கள் மட்டும் கிட்டத்தட்ட 40 பேர். தூக்கிய 800 பேர் அந்தப் படத்தில் இல்லை. நானாக இருந்தால் ஒரு ஸ்ட்ரெச்சருக்கு ஒரு தொப்பிக்காரர், மற்ற மூவருக்கும் தலைப்பாகை. இது என் தீர்மானம்தான், வேறு மாதிரி செய்தாலும் குற்றமில்லை.

இன்னும் மூன்று விஷயம், பிறகு வாயை மூடிக்கொள்கிறேன். அந்தக் குழியை ஆழமாக வெட்டாதீர்கள். பாறை மண், இருட்டு, சரியான கருவிகளும் இல்லை. 40 சென்டிமீட்டர்தான் தோண்ட முடிந்தது. உங்கள் அளவில் ஐந்தரை மில்லிமீட்டர். முழங்கால் மறைந்தால் போதும், அதற்கு மேல் மறைந்தால் வரலாறு மாறிவிடும். இரண்டாவது, புல்லை மஞ்சளாக்காதீர்கள். எல்லோரும் போயர் போர் என்றாலே காய்ந்த வெல்ட் புல்லைத்தான் (வெல்ட் என்றால் இங்கத்திய புல்வெளி) போடுகிறார்கள். இது ஜனவரி. நேட்டாலில் மழைக்காலம். பச்சை. மூன்றாவது, கற்றாழை வைத்தால் சிவப்புப் பூ வைக்காதீர்கள், இங்கே பெரும்பாலான கற்றாழை குளிர்காலத்தில்தான் பூக்கும்.

வெருலம்வாசி:

ஐயா, மிக்க நன்றி. நான் ஏற்கெனவே ஒரு பொட்டலம் மஞ்சள் புல் வாங்கிவிட்டேன். பரவாயில்லை, அதை வேறு எதற்காவது வைத்துக்கொள்ளலாம்.

ராஜா, உங்கள் அன்புக்கு நன்றி. ஆனால் இவர்களை மட்டும் கையால் செய்ய ஆசை. தப்பாக வந்தாலும் பரவாயில்லை.

ஸ்ட்ரெச்சர் கம்புக்கு ஊதுவத்திக் குச்சி எடுத்துவைத்திருக்கிறேன். பூஜை அறையில் மாதத்துக்கு ஒரு கட்டு மிஞ்சுகிறது. நேராக இருக்கிறது, இலவசம். துணிக்கு எதைப் போடலாம்?

பழைய ஈயம்:

குச்சியை அளந்து 72ஆல் பெருக்கிப் பாருங்கள்.

வெருலம்வாசி:

1.3 மில்லிமீட்டர். பெருக்கினால் ஒன்பது சென்டிமீட்டருக்கு மேல் வருகிறது. சரி, புரிந்துவிட்டது.

மேசைமலை:

ஸ்ட்ரெச்சர் இல்லை, கப்பல் பாய்மரம்.

நவராத்திரி:

நான் இந்த விளையாட்டுக்காரி இல்லை. கும்பகோணத்துக்காரி, உம்லங்காவில் பதினோரு வருடம். பசை பற்றி ஏதோ தேடப் போய் இங்கே வந்து விழுந்தேன். நீங்கள் பேசுவதைப் பார்த்தால் எங்கள் வீட்டில் கொலுவுக்குப் பக்கத்தில் பார்க் கட்டுவோமே, அதேதான்! அம்மா தட்டில் மண் போட்டு கடுகும் கேழ்வரகும் தெளித்துவிடுவாள், நவராத்திரி வருவதற்குள் பச்சைப் பசேல் என்று வயல் நிற்கும். முகம் பார்க்கும் கண்ணாடி குளம். செங்கல் தூள் பாதை. நீங்கள் டெரைன் என்கிறீர்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஸ்ட்ரெச்சர் துணிக்கு டீ பேக் காகிதம் போடுங்கள். தேயிலையைக் கொட்டிவிட்டு, காகிதத்தைப் பசைத் தண்ணீரில் நனைத்து கம்பியில் சுற்றினால் நடுவில் தானாகவே தொய்யும். ஏற்கெனவே கறை பிடித்த காடாத்துணி மாதிரியே இருக்கும், பெயிண்டே வேண்டாம். கம்புக்குப் பூக்கட்டுகிற மெல்லிய கம்பி.

டீ பேக் ரூயிபோஸாக இருந்தால், அதாவது இந்த ஊர்ச் செடி ஒன்றிலிருந்து வரும் சிவப்பு டீயாக இருந்தால், உள்ளே இருக்கும் தூளையும் எறியாதீர்கள். சாதாரணத் தேயிலை உருண்டு கிடக்கும், இது ஊசி ஊசியாக, சிவப்பாக, காய்ந்த சுள்ளி மாதிரியே இருக்கும். ஆனால் சூடு குறைவான அவனில் வைத்து நன்றாகக் காயவைக்க வேண்டும். ஒரு தடவை நான் வெயிலில் மட்டும் காயவைத்து, பார்க்கில் பூஞ்சை வந்து, பிள்ளையார் பக்கத்தில் நிஜமாகவே காளான்.

மலைக்கு என்ன வைத்திருக்கிறீர்கள்?

வெருலம்வாசி:

அக்கா, டிவி பெட்டியில் வந்த தெர்மாகோல். மூன்று அடுக்கு ஒட்டி ரொட்டி வெட்டும் கத்தியால் சீவினேன். வீடு முழுக்க வெள்ளை உருண்டை பறந்தது, மனைவி இரண்டு நாள் பேசவில்லை. சரி, வடிவம் வந்துவிட்டது, கறுப்பு ஸ்ப்ரே அடித்துவிடலாம் என்று கராஜில் வைத்து அடித்தேன். கண் முன்னாலேயே மலை உருகிவிட்டது. உச்சி இருந்த இடத்தில் இப்போது ஒரு குழி. பிரிட்டிஷார் ஒளிந்துகொள்ள வசதியாக இருக்கும்.

அதோடு முடியவில்லை. அடியில் மூன்று மில்லிமீட்டர் ஹார்டுபோர்டு போட்டிருந்தேன். பசைத் தண்ணீர் ஊற்றிய மறுநாள் அது பொரித்த அப்பளம்.

ராண்ட்பர்க் ராஜா:

இந்த இரண்டையும் செய்யாதவர்கள் இந்த இழையில் யாரும் இல்லை. ஸ்ப்ரேயில் இருக்கும் கரைப்பான் தெர்மாகோலைத் தின்றுவிடும். முதலில் மரப்பசையும் கறுப்பு அக்ரிலிக்கும் கலந்து பிரஷ்ஷால் எல்லா இடமும், அடிப்பக்கம் உட்பட, பூச வேண்டும். ஒரு ஊசிமுனை இடம் விட்டாலும் அங்கே தின்ன ஆரம்பிக்கும்.

இரண்டாவது தடவைக்குத் தெர்மாகோலை விடுங்கள். கூரைக்கு அடியில் அடிக்கும் ஐசோபோர்டு கேளுங்கள். அது உருண்டை உருண்டையாக உதிராது, பென்சில் கோடு போட்டால்கூட நிற்கும். கட்டடம் கட்டுகிற யாராவது தெரிந்தால் துண்டு சும்மாவே கிடைக்கும். என்னுடைய முழு நகரமும் பக்கத்து வீட்டுக்காரரின் பக்கி வண்டியில் (பின்பக்கம் திறந்த சரக்கு வண்டி) வந்த கழிவுதான். கரைப்பான் இதையும் தின்னும் என்பதை மறக்காதீர்கள்.

அப்பளத்துக்கு மருந்து: பலகையின் இரண்டு பக்கமும் பெயிண்ட். ஒரு பக்கம் மட்டும் ஈரம் ஏறி இறங்கினால் எந்தப் பலகையும் வளையும்.

நவராத்திரி:

பாறைக்கு நர்சரியில் செடிக்குப் போட விற்கிறார்களே, பைன் மரப்பட்டை, அது ஒரு மூட்டை வாங்கினால் ஆயுசுக்கும் போதும். உடைத்த பக்கம் அடுக்கு அடுக்காக நிஜப் பாறை. மலைச் சரிவில் இங்கொன்றும் அங்கொன்றுமாகக் குத்திவையுங்கள். வரிசையாக வைத்தால் பல் மாதிரி இருக்கும். மீதி இடத்துக்கு அலுமினியத் தாளைக் கசக்கி உருண்டையாக்கி அந்தப் போர்டின்மேல் அழுத்தி உருட்டுங்கள், கல் சொரசொரப்பு வந்துவிடும்.

பெயிண்ட் பதம் என்று ஏதேதோ சொல்கிறார்கள். நான் சமையல்காரி கணக்கில் சொல்கிறேன். முதல் பூச்சு பால். பள்ளங்களில் ஓடவிடுவது நீர்மோர். கடைசியில் மேடுகளில் மட்டும் தடவுவதற்குப் பிரஷ்ஷில் பெயிண்ட் இருக்கவே கூடாது, தோசைக்கல்லில் எண்ணெய் தேய்த்த வெங்காயம் மாதிரி, இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வர வேண்டும்.

ராண்ட்பர்க் ராஜா:

அக்கா, வாஷுக்கும் டிரைபிரஷ்ஷுக்கும் இதைவிட நல்ல விளக்கம் நான் கேட்டதில்லை. எடுத்துப் பயன்படுத்திக்கொள்கிறேன்.

விடிவெள்ளி:

மன்னிக்கவும், எல்லோரும் உற்சாகமாகப் பேசும் இடத்தில் நான் ஒரு கசப்பைச் சொல்கிறேன். 800 பேர் ஒப்பந்தத்தில் இருந்தவர்கள். தோட்டத்தை விட்டு வெளியே போகவே முதலாளியின் சீட்டு வேண்டியிருந்த ஆட்கள். போகிறாயா என்று கேட்டால் இல்லை என்று சொல்கிற நிலைமையிலா இருந்தார்கள்? நம்மை அடிமை மாதிரி வைத்திருந்தவனின் போரில், அவனுடைய காயம்பட்டவனைச் சுமந்தார்கள். போர் முடிந்து அவர்களுக்கு என்ன கிடைத்தது? ஒப்பந்தம் முடிந்தும் இங்கேயே தங்கியவர்கள் வருடாவருடம் கட்ட வேண்டிய 3 பவுண்டு வரி அப்படியே இருந்தது. அதைப் பகடை உருட்டி விளையாடுவது எனக்கு ஒப்பவில்லை.

மேசைமலை:

பொம்மைதானே.

விடிவெள்ளி:

பொம்மைதான் என்றால் 24 பேரைக் கையால் செய்ய ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்? பொம்மை மட்டும் இல்லை என்று அவருக்கே தெரியும்.

பழைய ஈயம்:

விடிவெள்ளி சொல்வதில் பாதி சரி. அந்த 3 பவுண்டு வரி ஒழிய 1913 வேலைநிறுத்தமும் 1914 சட்டமும் வர வேண்டியிருந்தது. முதலாளி அனுப்பாமல் ஒப்பந்தக்காரர் யாரும் அங்கே போகவில்லை என்பதும் சரி.

மற்ற பாதி: அவர்கள் குண்டு விழும் இடத்துக்குப் போக வேண்டும் என்று முதலில் ஏற்பாடு இல்லை. ஸ்பியன் கோப்பில்தான் அது மாறியது. பிரிட்டிஷ் தளபதி புல்லர் ஆள் அனுப்பி, நீங்கள் கட்டுப்பட்டவர்கள் இல்லை, செய்தால் நன்றியுடையவர்களாக இருப்போம் என்று கேட்டதாகக் காந்தியே எழுதியிருக்கிறார். போனார்கள். சில நாட்கள் 20, 25 மைல் சுமந்து நடந்தார்கள். ஐம்பது வருடமாக இந்த ஊரில் எத்தனையோ ஸ்பியன் கோப் மேசை பார்த்துவிட்டேன், மூன்றில் நான் ஆடியும் இருக்கிறேன். ஒன்றில்கூட அவர்கள் இல்லை. அப்போது எனக்கு அது உறுத்தவும் இல்லை. அதனால் இந்தத் தம்பியை நான் தடுக்க மாட்டேன்.

வெருலம்வாசி:

விடிவெள்ளி, நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். கோபம் இல்லை. என் விதியைச் சொல்கிறேன், பிறகு திட்டுங்கள்.

ஸ்ட்ரெச்சர்காரர்களை யாரும் ஆட்டத்தில் சொந்தம் கொண்டாட முடியாது. பிரிட்டிஷ் பக்கம் ஆடுபவரும் இல்லை, போயர் பக்கமும் இல்லை. மூன்றாவதாக ஒருவர் உட்கார வேண்டும், அவர் கையில் 24 பேர் மட்டும். வெறும் ஸ்ட்ரெச்சர் ஒரு முறைக்கு 15 சென்டிமீட்டர், ஆள் ஏற்றிய பிறகு 10, பாறையில் அதில் பாதி. அவர்களைக் குறிவைத்துச் சுட முடியாது. ஆனால் சண்டை நடக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருந்தால் பகடை உருட்ட வேண்டும், ஒன்று விழுந்தால் ஒருவர் விழுவார். மூன்று பேர் மிச்சம் என்றால் வேகம் பாதி. மலை யாருக்கு என்பதில் மூன்றாவது ஆளுக்கு அக்கறை இல்லை, கீழே எத்தனை பேரைக் கொண்டு சேர்த்தார் என்பதுதான் அவருடைய கணக்கு. காயம்பட்டவர் எந்தப் பக்கத்தவராக இருந்தாலும்.

25 மைலை 72ஆல் வகுத்துப் பார்த்தேன், அரை கிலோமீட்டருக்கு மேல் மேசை வேண்டும். எங்கள் தெருமுனை வரை போகும்.

விடிவெள்ளி:

மூன்றாவது நாற்காலி என்பது நான் எதிர்பார்க்காதது. இன்னும் முழுதாக ஒப்பவில்லை. ஆனால் யோசிக்கிறேன்.

தேர்வண்ணம்:

நான் கோயில் வேலைக்காரன். டோங்காட் பக்கம் சுதைச் சிற்பங்களுக்கு வண்ணம் அடிப்பது தொழில். பொம்மைக்காரர்களோடு பழக்கமில்லை, என் தங்கை மகன் இந்த இழையைக் காட்டினான். ஒரே ஒரு விஷயத்துக்காகத்தான் எழுதுகிறேன்.

உங்கள் குப்பிகளில் தோல் நிறம் என்று எழுதி விற்பது வெள்ளைக்காரன் தோல். அதில் கொஞ்சம் கறுப்பைக் கலந்தால் நம் நிறம் வரும் என்று நினைத்து அடிக்கிறார்கள். வராது, பிணத்தின் நிறம்தான் வரும். எரிந்த அம்பர் பழுப்பை எடுத்துக்கொள்ளுங்கள், அதில் செங்காவி ஒரு துளி. இது அடி. பள்ளத்துக்கு அதிலேயே கொஞ்சம் கருநீலம். மேட்டுக்கு, அதாவது மூக்கு, கன்னம், முட்டி, தோள் ஆகிய இடங்களுக்கு வெள்ளை சேர்க்கவே சேர்க்காதீர்கள். வெள்ளை விழுந்தால் விபூதி பூசின மாதிரி சாம்பல் அடித்துவிடும். மஞ்சள் காவியும் ஆரஞ்சும் சேர்த்து ஏற்றுங்கள், வெயிலில் வேர்த்த உடம்பு மாதிரி மின்னும். 24 பேருக்கும் ஒரே கலவை போடாதீர்கள். ஒரு குடும்பத்திலேயே நான்கு நிறம் இருக்கிறது.

வேட்டி வெள்ளைதானே என்று வெள்ளையை அள்ளிப் பூசாதீர்கள். மங்கின பழுப்புச் சாம்பலில் தொடங்கி, மடிப்பின் மேட்டில் மட்டும் தந்த நிறம். சுத்த வெள்ளை ஒரு பொம்மைக்கு இரண்டு கோடு போதும்.

வெருலம்வாசி:

ஐயா, இது தங்கமான குறிப்பு. கண்? கோயிலில் கடைசியாகக் கண் திறப்பீர்களே, இங்கே எப்படி?

தேர்வண்ணம்:

ஆள் எவ்வளவு உயரம்?

வெருலம்வாசி:

இரண்டரை சென்டிமீட்டர்கூட இல்லை.

தேர்வண்ணம்:

திறக்காதீர்கள். புருவத்துக்குக் கீழே ஒரு நிழல் கோடு, அவ்வளவுதான். அந்த அளவில் கண் வைத்தால் பேய் பார்த்தவன் மாதிரி முழிப்பான். ராஜகோபுரத்தின் உச்சியில் இருக்கும் சிறு உருவங்களுக்கும் நாங்கள் கிட்டத்தட்ட இப்படித்தான், கீழே நிற்பவன் கண்ணுக்கு நிழல் போதும்.

ராண்ட்பர்க் ராஜா:

பதினைந்து வருடமாக 28 மில்லிமீட்டர் ஆட்களுக்குக் கண் வைத்து மாறுகண் ஆக்கிக்கொண்டிருக்கிறேன். இதை முன்பே யாராவது சொல்லியிருக்கலாம்.

(மூன்று வாரம் கழித்து)

வெருலம்வாசி:

நிலவரம். புது மலை ஐசோபோர்டில் நிற்கிறது. பச்சை. மஞ்சள் புல் ஒரு பிடிகூட இல்லை. குழி ஐந்தரை மில்லிமீட்டர், அளவுகோல் வைத்து வெட்டினேன்.

தலைப்பாகைதான் உயிரை வாங்கியது. அந்தப் பச்சைப் புட்டி, நீலமும் மஞ்சளும் சேர்த்துப் பிசைகிறோமே, அதை முதலில் வட்டமாகத் தலையில் வைத்து அழுத்தினேன். எல்லோரும் இட்லி சுமக்கிற மாதிரி இருந்தார்கள். அப்புறம் இடியாப்ப இழை கனத்துக்கு உருட்டி, நிஜமாகவே தலையைச் சுற்றிச் சுற்றி வைத்து, ஈர ஊசியால் மடிப்பு போட்டேன். வந்துவிட்டது! ஊசியைத் தண்ணீரில் தொடாவிட்டால் புட்டி ஊசியோடு வந்துவிடுகிறது, இதை யாரும் சொல்லவில்லையே.

கடைசியில் ஒரு விபத்து. ஞாயிறு மழை. மறுநாள் ஆட்டம் என்ற அவசரத்தில் கராஜ் கதவைத் திறந்துவைத்து மேட் வார்னிஷ் ஸ்ப்ரே அடித்தேன். பத்து நிமிடத்தில் 24 பேருக்கும் நரை. மூடுபனியில் நிற்கிற மாதிரி வெள்ளை படர்ந்துவிட்டது. அழுகை வந்தது, பொய் சொல்லவில்லை.

பழைய ஈயம்:

டர்பன் ஈரக் காற்றில் ஸ்ப்ரேயா! தூக்கி எறிந்துவிடாதீர்கள். நன்றாகக் காயவிட்டு, வெயில் அடிக்கும் நாளில் பளபளப்பு வார்னிஷ் பிரஷ்ஷால் ஒரு பூச்சு கொடுங்கள். வெள்ளை பெரும்பாலும் மறைந்துவிடும். அதற்கு மேல் மேட்டை பிரஷ்ஷிலேயே பூசுங்கள். கடலோரத்தில் இருப்பவர்கள் ஸ்ப்ரேயை மே முதல் ஆகஸ்ட் வரை மட்டும் தொட்டால் நிம்மதி.

வெருலம்வாசி:

போய்விட்டது ஐயா! இரண்டு பேருக்கு மட்டும் கொஞ்சம் நரை நின்றுவிட்டது, அவர்களைப் பெரியவர்களாக வைத்துக்கொண்டேன்.

ஆட்டம் ஒரு வாரம் தள்ளி நேற்று நடந்தது. பிரிட்டிஷ் பக்கம் மச்சான், போயர் பக்கம் என் வேலையிட நண்பர். மூன்றாவது நாற்காலியில் யாரும் உட்காரத் தயாராக இல்லை, சுட முடியாத ஆட்டம் எதற்கு என்றார்கள். கடைசியில் தண்ணீர் குடிக்க எழுந்து வந்த பையன் உட்கார்ந்தான். மலை யாருக்குப் போனது என்று எனக்குச் சரியாக நினைவில்லை, மச்சான் தான் ஜெயித்ததாகச் சொல்கிறார். பையன் ஒன்பது பேரைக் கீழே கொண்டு சேர்த்தான், ஐந்து பேரை இழந்தான். இரண்டு ஸ்ட்ரெச்சரில் மூன்று பேர் மட்டும் மிச்சம் இருந்தபோது, பாறைமேல் ஐந்து சென்டிமீட்டர்கூட நகர முடியவில்லை, மச்சானிடம் சண்டைக்கே போய்விட்டான். இன்று காலையில் பள்ளிக்குப் போகும் முன், விழுந்த ஐந்து பேரையும் நிமிர்த்தி வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

விடிவெள்ளி:

அடுத்த ஆட்டம் எப்போது? நான் பீனிக்ஸில்தான் இருக்கிறேன், அரை மணி தூரம். நாற்காலியை எனக்கு வையுங்கள்.

நவராத்திரி:

அக்டோபரில் அந்த மலையைப் பத்து நாள் கடன் தர முடியுமா? சிப்பாய்கள் வேண்டாம், மலை மட்டும். மேலே முருகனை வைக்கப் போகிறேன்.

வெருலம்வாசி:

தாராளமாக, அக்கா. குழியை மட்டும் ஏதாவது போட்டு மறைத்துக்கொள்ளுங்கள்.

பழைய ஈயம்:

அடுத்ததற்கு ஒரு யோசனை. அதே போரில் போயர்கள் சுற்றி வளைத்த லேடிஸ்மித் ஊரில் பிரபு சிங் என்று ஓர் ஒப்பந்தத் தொழிலாளி இருந்தார். உம்புல்வானா மலையில் போயர் பீரங்கி மின்னுவதைப் பார்த்ததும் மணி அடிப்பது அவர் வேலை. குண்டு வந்து விழுவதற்குள் ஊர் ஒளிந்துகொள்ளும். அவருக்கும் எங்கும் பொம்மை இல்லை.

வெருலம்வாசி:

எடுத்துக்கொண்டேன் ஐயா. மணிக்கு என்ன போடலாம்? வீட்டில் மகளின் பழைய சலங்கை இருக்கிறது, அதிலிருந்து ஒரு மணியைக் கழற்றினால்?

மேசைமலை:

72ஆல் பெருக்கிப் பார்.